பிரித்து வைத்த குடில்

ஸ்டோர் அத்தை வீட்டில் ஒரு காப்பி குடிக்க வேண்டுமென்றால் மூன்று வீடு ஒத்துழைக்க வேண்டும். காப்பித்தூள் அத்தையிடம் இருக்கும். சர்க்கரை டப்பா எங்கள் வீட்டில். டம்ளர்கள் தெருக்கோடியில் இருக்கும் செல்வியிடம். விருந்தாளி வந்துவிட்டால் அத்தை வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அம்மா கிளம்புவாள், முந்தானையில் டம்ளர்களைத் துடைத்தபடி செல்வி வருவாள். வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு விருந்தாளிக்கு மட்டும் காப்பி கொடுக்க முடியுமா? எல்லோருக்கும் கலக்க வேண்டியதுதான். விருந்தாளி பாவம், தன்னைப் பார்க்க ஒரு தெருவே கூடிவிட்டதே என்று நெளிந்துகொண்டிருப்பார்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. மறதியும் இல்லை. எதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம், ஒன்று மராத்திக்காரர் சைக்கிள் கடையில். ஜெபமாலைகூட இரண்டு, ஒன்று தலைமாட்டில், ஒன்று அரிசி டின்னில்.

தேஹு ரோட்டில் ராணுவ டிப்போவில், ஸ்டோர்ஸ் பிரிவில் அவர் கிளார்க்காக இருந்தார். அவருடைய அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துவிட, மகளுக்குக் கிடைத்த வேலை. காலையில் எங்கள் புனே கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி, சாயங்காலம் லோக்கலில் திரும்பி, ஓய்வு பெறும்வரை அதே பாதை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

அந்த டிப்போவில் என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் அவரைக் குடைந்து எடுத்திருக்கிறேன். "அது உனக்கெதுக்குல?" என்பதோடு சரி. ஆனால் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் ஆசையாகச் சொல்வார்.

"ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவுல அம்புட்டு தூரம் கெடக்கும்ல. போதாததுக்கு நடுவுல மண்மேடு வேற. ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா மத்தது நிக்கணும் பாரு. எல்லாத்தையும் ஒரே ஷெட்டுல அடைக்கப்படாது."

கடைசி வாக்கியம் எங்கள் தெருவில் கேலிக்கு வசதியாகப் போயிற்று. ஒரே பையன் இரண்டு லட்டு எடுத்தால், "ஒரே ஷெட்டுல அடைக்காதடா" என்போம். அத்தைக்கும் தெரியும். சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

இப்போது குடிலுக்கு வருகிறேன். கன்டோன்மென்ட்டில் பழைய கன்னியர் மடம் ஒன்றை மூடியபோது, அங்கே கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் சுரூபச் சிலைகளைக் கொண்டுபோக ஆளில்லை. குழந்தை ஏசுவைத் தவிர ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு மூக்கில்லை. ஒட்டகத்துக்கு மூன்று கால்தான், நாலாவதற்குச் செங்கல் முட்டுக்கொடுக்க வேண்டும். அத்தை கைவண்டி பிடித்து அத்தனையையும் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து இறக்கினார். மாதா கோயிலுக்குக் கொடுத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

எங்கள் தெருவில் முப்பது வீடு. ஒரு முனை ஸ்டேஷன் பக்கம், மறுமுனை பஸ் ஸ்டாப் பக்கம். பாதிக் குடும்பம் கத்தோலிக்கர், பாதி எங்களைப்போல் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நடுவில் இரண்டு மராத்தி வீடு. முதல் வீட்டு வாசலில் சம்மனசு, அதாவது தேவதூதர், நிற்கும். நாலு வீடு தள்ளி இடையர்கள். அப்புறம் ஆடுகள், மாதா, சூசையப்பர், ராஜாக்கள் என்று ஆளுக்கொரு வாசல். மராத்தி வீடுகளுக்கு நட்சத்திரமும் ஒட்டகமும். எங்கள் வீட்டுக்கு மாடு. குழந்தை ஏசு ஏதோ ஒரு வாசலில். கதை முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டேஷன் முனையில் நுழைந்து பஸ் ஸ்டாப் முனையில் வெளியேறும்வரை நடந்தே தீர வேண்டும். புனேவில் எத்தனையோ இடத்தில் குடில் வைக்கிறார்கள். நடந்து பார்க்கிற குடில் எங்கள் தெருவில்தான் இருந்தது.

முதல் வருஷம் பங்குச் சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "திருக்குடும்பத்தையே ஆளுக்கொரு பக்கமா பிரிச்சு வச்சா எப்படிம்மா?" என்று கேட்டார்.

"அவுக எங்க சாமி ஒரே எடத்துல இருந்தாவ?" என்றார் அத்தை. "பெத்லகேமு, எகிப்து, நாசரேத்துனு அலைஞ்ச குடும்பந்தானே."

சாமியார் புனித நீரைத் தெளித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் வருஷாவருஷம் நடந்தார்.

பார்க்க வருகிறவர்களை நடக்க வைத்தால்தான் தெரு பிழைக்கும் என்பது அத்தையின் கணக்கு. நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுவார். அப்போது கைக்குழந்தையாக இருந்த செல்வியின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நடப்பது மாதிரி மெதுவாகத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார். எங்கே கை வலித்ததோ அங்கே ஒரு பெஞ்ச். எங்கே குழந்தை சிணுங்கியதோ அந்த வீட்டுக்காரர்கள் கக்கூஸைத் திறந்துவிட வேண்டும். இரண்டு சுரூபத்துக்கு நடுவில் ஒரு தின்பண்டமாவது இருக்க வேண்டும், ஆனால் ஒரே பண்டம் இரண்டு வாசலில் இருக்கக் கூடாது. நீ முந்திரிக்கொத்து, நீ அச்சு முறுக்கு, நீ சாயா மட்டும். சண்டை வரும். அவர் சொன்னதுதான் நடக்கும்.

சுரூபங்களுக்கு டிப்போ வழக்கப்படி சீட்டு உண்டு. கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதுவார். என்ன பொருள், என்ன நிலையில், யார் வாங்கியது, எந்த நாளில் திருப்ப வேண்டும். எங்கள் சீட்டில் "மாடு, ஒன்று. இடது கொம்பு ஒட்டியது" என்று இருக்கும். அம்மா அதில் கையெழுத்துப் போட்டு மாட்டை உள்ளே கொண்டுபோய், முதல் வேலையாக அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பாள். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் காலை, தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே அத்தை ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். "ஏளா லட்சுமி, மாடு எங்க?" எல்லாம் அவர் வாசலில் வந்து நின்று, சீட்டோடு ஒத்துப்பார்த்து, பிறகு நாலைந்து வீட்டுப் பரண்களுக்குப் பிரிந்து போகும். அதுவும் ஒரே பரணுக்குப் போகாது.

அம்மா ஒருமுறை, "குங்குமத்தக் கழுவிட்டுத் தரட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும். பொட்டோட இருந்தாத்தான் அது நம்ம தெரு மாடு."

குழந்தை எந்த வீட்டுக்கு என்பது மட்டும் வருஷாவருஷம் மாறும். அதுதான் அவருடைய பெரிய ரகசியம். குழந்தை இருக்கிற வாசலில்தான் ஜனங்கள் அதிக நேரம் நிற்பார்கள், நின்றால் பசிக்கும், பசித்தால் வாங்குவார்கள். நவம்பரில் ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொரு வீட்டு அடுக்களைக்கும் போய் ஒரு நோட்டம் விடுவார். எந்த வீட்டில் எண்ணெய் டின் காலியாகவே கிடக்கிறதோ, அந்த வீட்டுக்குக் குழந்தை போகும். ஆனால் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை நன்றாக இருக்கிற குடும்பத்துக்கும் கொடுத்துவிடுவார்.

"கஷ்டப்பட்ட வீட்டுக்குத்தான் குழந்தை வரும்னு ஆயிட்டா, எவளும் வாசலத் தொறக்கமாட்டா," என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஃபாக்டரியில் ஒப்பந்த வேலை, படுத்தால் சம்பளம் இல்லை. அத்தை குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது அம்மா வாசலில் வழிமறித்து நின்றாள்.

"அக்கா, நாங்க வேற சாமி கும்பிடறவங்க. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"பச்சப்புள்ளைக்குப் படுக்க எடந்தான வேணும். அது எந்த வீடுன்னு கேக்குமா? வழிய விடுளா."

பதினைந்து நாள் அம்மா மசால் வடை சுட்டாள். நான் டம்ளர் கழுவினேன். வருகிற கூட்டம் பாதித் தெருவிலேயே சலித்துப்போய், "ஔர் கித்னா சல்னா ஹை, மாவ்ஷி?" என்று கேட்கும். இன்னும் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதற்கு அத்தையிடம் எப்போதும் ஒரே பதில், "தோடா ஆகே, பேட்டா." கொஞ்சம் முன்னால்தான். அந்தக் கொஞ்சம் எங்கள் வாசல்வரை நீண்டது. அந்த வடையில்தான் அப்பாவின் மருந்து வந்தது, நான் கல்லூரியில் சேர்ந்ததும் அதில்தான். பின்னால் நான் செய்த காரியத்தை இதையெல்லாம் மறந்துபோய்ச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் நினைவிருந்துதான் செய்தேன்.

படித்து முடித்து விழாக்கள் நடத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெரிய கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா, கார் அறிமுகம் என்று எங்களுக்கு வேலை. நாலு வருஷத்தில் எனக்குக் கீழே ஆறு பேர். அந்த வேலையில் கண் ஒரு விதமாகப் பழகிவிடும். எந்த இடத்தைப் பார்த்தாலும் எங்கே வண்டி நிறுத்துவது, எங்கே வளைவு வைப்பது என்றுதான் தோன்றும். டிசம்பரில் எங்கள் தெருவைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒடுக்கமான வழி, தலைக்கு மேல் சீரியல் பல்பு, மூக்கில்லாத ராஜா, செங்கல் மேல் ஒட்டகம். கார் நிறுத்த இடமில்லை என்று எத்தனையோ பேர் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்தேன். வயசானவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். இதையே ஒழுங்காகச் செய்தால் பத்து மடங்கு கூட்டம் வருமே என்று தோன்றியது. ஆசை நல்ல ஆசைதான். இன்றைக்கும் அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கம்பெனியில் சொன்னேன். முதலாளி துள்ளிக் குதித்தார். வீடு கட்டி விற்கிற ஒருவர் விளம்பரத்துக்காகச் செலவை ஏற்றுக்கொண்டார். மெயின் ரோட்டு மைதானத்தில் ஒரே பெரிய பந்தல், அதற்குள் அத்தனை சுரூபமும் சேர்த்து ஒரே குடில், சுற்றிலும் இருபது ஸ்டால். அந்தப் படத்தை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவின் நடுவில் கூட்டம் போட்டேன். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாரவுக எந்தப் பக்கமா வருவாவ?"

"மெயின் ரோட்லேர்ந்து அத்தை. பார்க்கிங் அங்கயே இருக்கு."

"போறது?"

"அதே வழிதான்."

"அப்ப தெருவுக்குள்ள எதுக்கு வருவாவ?"

"தெருவே அங்க வந்துரும் அத்தை. இருபது ஸ்டால். எல்லாம் நம்ம ஆளுங்களுக்குத்தான்."

"அப்படின்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு அத்தை."

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஸ்டால் எடுக்கிறவர்களிடம் உணவு லைசென்ஸ் இருக்க வேண்டும், கார்டு தேய்க்கிற மெஷின் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட இரண்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். காகிதத்தைப் படித்த அன்றே தெரியும். எப்படியாவது பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டால் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள், அதனால் சொல்லவில்லை. நான் பொய் சொன்னது அவரிடம். அதுவும் அம்மா பக்கத்தில் நிற்கும்போது.

கை தூக்கச் சொன்னேன். முதலில் தூக்கியவள் செல்வி. அவளுடைய கணவனுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தை இடுப்பில் வைத்து நடந்த அந்தக் குழந்தை இப்போது நர்ஸிங் முதல் வருஷம். டிசம்பரில் விற்கிற அச்சு முறுக்கை நம்பித்தான் அவளுடைய அடுத்த வருஷப் படிப்பு. பெரிய கூட்டம் வந்தால் தன் மகளுக்கு நல்லது என்று அவள் நம்பினாள். ஒவ்வொரு கையாக மேலே போயிற்று.

"எல்லாரும் சொல்லுதாவ," என்றார் அத்தை. "சரி."

அவர் தடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கை இறங்கியிருக்கும். ஆனால் தெரு சேர்ந்து ஒன்றைச் சொன்னால் அதற்கு எதிராகத் தனியாக நிற்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் அந்தப் பழக்கம் இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். என் தப்புக்கு அவரைப் பங்காளியாக்கப் பார்க்கிறேன் என்பதும் எனக்குப் புரிகிறது.

சுரூபங்களை ஏற்ற லாரி வந்த அன்று சீட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

"எல்லாத்தையும் ஒரே சீட்டுல எழுதிரலாமே அத்தை."

"தனித்தனியாப் போடு."

சம்மனசு, இடையர், மூக்கில்லாத ராஜா என்று வரிசையாகப் போட்டேன். குழந்தையைக் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார். அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் கையில் கொடுத்தபோது, "ஒரே ஷெட்டுல அடைக்கியேல குமாரு," என்றார். தெருவின் பழைய கேலி என்று எடுத்துக்கொண்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மைதானத்தில் நான் சொன்னபடியே கூட்டம் குவிந்தது. கார்கள் வரிசை கட்டின. பேப்பரில் படம் வந்தது. ஒட்டகத்துக்கு நாலாவது கால் செய்து ஒட்டியிருந்தோம், ராஜாவுக்கு மூக்கு வைத்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் கழுத்தில் அட்டையும் காதில் ஃபோனுமாக நான் ஓடிக்கொண்டிருந்தபோது, வாசல் காவலாளி யாரையோ விரட்டும் சத்தம் கேட்டது. அச்சு முறுக்கு அடுக்கிய அலுமினியப் பேசினோடு செல்வி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அத்தை.

நான் போய் ஹிந்தியில், இவர்கள் நம் ஆட்கள், உள்ளே விடு என்றேன். காவலாளி மரியாதையாகத்தான் கேட்டான், லைசென்ஸ் நம்பர் சொல்லுங்கள் சார், எழுதிக்கொள்கிறேன் என்று. உள்ளே இருபது ஸ்டாலிலும் நகரத்தின் பெரிய கடைகளின் பெயர்கள் எரிந்துகொண்டிருந்தன.

"லைசென்ஸ்னா என்ன தம்பி?" என்று செல்வி கேட்டாள். "நீ மீட்டிங்ல சொல்லலையே."

"நாளைக்குப் பாத்துக்கலாம் செல்விக்கா. நான் பேசறேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். எழுதியிருக்கா என்று அன்று கேட்டாரே, அதற்கான பதிலை அப்போதுதான் அவர் வாங்கிக்கொண்டார். செல்வியின் பேசினுக்கு ஒரு பக்கம் தானும் கைகொடுத்து, "வாளா, போவோம்," என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் போனார்கள். தெருவில் அன்று ஏழு மணிக்கே ஆள் நடமாட்டம் இல்லை. அம்மா பழக்க தோஷத்தில் மாவு அரைத்து வைத்திருந்தாள். அந்த வடைகளை இரண்டு நாள் நாங்களே தின்றோம்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் காலை நான் சீக்கிரமாக எழுந்து குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து கதவைத் தட்டுவார், எல்லாம் எங்கே என்று கேட்பார், அப்போது சொல்வதற்குச் சில வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். சுரூபங்கள் நேராகக் கம்பெனி கிடங்குக்குப் போய்விட்டன. பழுது பார்த்துச் செலவு செய்ததால் அவை இனிமேல் கம்பெனிச் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருந்தது, அதிலும் என் கையெழுத்து இருந்தது. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். தண்ணீர் வந்தது, நின்றது. அத்தை வரவில்லை. அந்த வருஷம் ஒரு கதவையும் அவர் தட்டவில்லை.

அந்த மாதமே ஒருநாள் வந்து சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். "முந்தி மாதிரி நடக்க முடியல லட்சுமி, எல்லாம் கிட்டக்கயே இருக்கட்டும்," என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டு, என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. செல்வியின் மகள் நர்ஸிங்கை நிறுத்திவிட்டு மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் கம்பெனிக்கு இரண்டு மெயில் அனுப்பினேன், சுரூபங்களைத் திருப்பித் தர முடியுமா என்று. மூன்றாவது மெயில் அனுப்பினால் என் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். முழு உண்மை அதுதான். அந்த வேலையும் இரண்டு வருஷத்தில் போயிற்று, அது வேறு கதை.

அடுத்த வருஷத்துக்குக் குடிலை ஊரின் மறுபக்கம் நகர் ரோட்டில் ஒரு மாலுக்குக் கொடுத்துவிட்டார்கள். மைதானம்கூடக் கிடையாது. அதற்கடுத்த மழைக்காலத்தில் அத்தை விஷ்ராந்த்வாடியில் தம்பி மகள் வீட்டில் இறந்துபோனார். கல்லறையில் மண் அள்ளிப் போட நானும் வரிசையில் நின்றேன். ஆனால் என் நினைவில் அவர் இருப்பது அங்கே இல்லை. அந்த மால் வருஷத்து டிசம்பரில், எங்கள் தெருவின் ஸ்டேஷன் முனையில் இருக்கிறார்.

பழைய ஞாபகத்தில் ஜனங்கள் தெருவுக்கே வந்துகொண்டிருந்தார்கள். மைதானம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பழையபடி தெருவில்தான் இருக்கும் என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. வந்தவர்களை ஏமாற்றி அனுப்பக் கூடாது என்று அத்தை சாயங்காலமானால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முனையில் போய் நின்றுவிடுவார். இங்கே இல்லை, மாலுக்குப் போய்விட்டது, எந்த பஸ், எரவாடாவில் எங்கே இறங்கி மாற வேண்டும், எந்த மாடி. எல்லாவற்றையும் யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். தெருவுக்குள் ஓர் ஆளும் நுழையாதபடி, பொறுமையாக ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். முப்பது வீட்டு வாசலும் அவருக்குப் பின்னால் இருட்டில் கிடந்தன.

நான் ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்தினேன். போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியது. அத்தை, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் சொல்லி அனுப்புகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அப்போது ஒரு பைக் என் அருகில் வந்து நின்றது. கணவன், மனைவி, நடுவில் குல்லா போட்ட குழந்தை. வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் பொம்மை வைப்பார்களே, அந்தத் தெரு எது என்று கேட்டார்கள்.

அந்த மாலில் குடில் எந்த மாடியில், எத்தனை மணிவரை, எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அத்தையைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் நான் போட்ட ஏற்பாடு.

"எனக்குத் தெரியாது," என்று ஹிந்தியில் சொன்னேன். "அதோ நிற்கிறாரே ஓர் அம்மா, அவரைக் கேளுங்கள்."